குடலிறக்க அறுவைச் சிகிச்சை: முன்னேற்பாடும் வீட்டுத் துணையும்

வயிற்றுச் சுவரில் தசை நலிந்த ஓரிடத்தின் வழியே குடலோ கொழுப்போ பிதுங்கிப் புடைப்பது குடலிறக்கம். ஹெர்னியா என்றால்தான் பலருக்குப் புரியும். கவட்டையில் வருவதே மிகுதி. தொப்புளிலும், பழைய அறுவைத் தழும்பிலும்கூட வரும். ஆண்களில் நூற்றுக்கு 27 பேருக்கும், பெண்களில் 3 பேருக்கும் வாழ்நாளில் எப்போதேனும் கவட்டைக் குடலிறக்கம் வரலாம் என்பது மருத்துவ நூல்களின் கணக்கு. உலகில் ஆண்டுக்குச் சுமார் 2 கோடிப் பேர் இதற்காக அறுவை செய்துகொள்கிறார்கள். மாத்திரையோ லேகியமோ இந்த ஓட்டையை மூடாது. மருந்துக்கடைகளில் விற்கும் ஹெர்னியா பெல்ட் புடைப்பை அமுக்கி வைக்குமே தவிர ஆற்றாது.

இத்தாலியின் படுவா நகரில் எடுவார்டோ பஸ்ஸீனி 1880களில் தசைகளை இழுத்துத் தைக்கும் முறையை வகுத்தார். அமெரிக்காவில் இர்விங் லிக்டன்ஸ்டைன் 1980களில் அதை மாற்றினார். கிழிந்த வேட்டிக்கு ஒட்டுப்போடுவது போல, இழுக்காமல் ஒரு வலையை வைத்துத் தைப்பது அவர் வழி. இன்று ‘மெஷ்’ வைப்பது என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். வலையின் விலை ஏழைகளுக்கு எட்டாதிருந்த நாளில், மகாராட்டிரத்துச் சிற்றூர் ஒன்றில் பணியாற்றிய ரவீந்திரநாத் டோங்காவ்கர் கொசுவலைத் துணியையே கிருமி நீக்கிப் பயன்படுத்தினார். கேலிக்குரியதாகத் தோன்றிய அந்த யோசனை வீண்போகவில்லை. உகாண்டாவில் நடந்து 2016இல் வெளியான ஆய்வில், கொசுவலைத் துணி விலையுயர்ந்த வலைக்குச் சளைக்கவில்லை.

புடைப்பு தெரிந்த உடனே கத்தி வைக்க வேண்டும் என்பதில்லை. தொந்தரவு அதிகம் இல்லாத ஆண்கள் மருத்துவர் கண்காணிப்பில் காத்திருக்கலாம் என்று 2006இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு காட்டியது. அப்படிக் காத்திருந்தவர்களில் குடல் சிக்கிக்கொண்டது ஆண்டுக்கு ஆயிரத்தில் ஓரிருவருக்கே. பெண்களின் கதை வேறு. ஆண்களைவிட அவர்களிடம் மிகக் கூடுதலாகக் காணப்படும் தொடைக் குடலிறக்கம் எளிதில் இறுகிக்கொள்ளும் என்பதால் தள்ளிப்போடுவதில்லை.

தேதி குறித்துவிட்டால் கிடைக்கும் இடைவெளிதான் மிகப் பயனுள்ள காலம். பீடி, சிகரெட்டைக் குறைந்தது நான்கு வாரம் முன்பே நிறுத்த வேண்டும். புகைப்பவரின் புண் ஆறத் தாமதமாகும்; அவரது இருமலோ புதுத் தையலை முட்டும். நாள்பட்ட இருமல், மலச்சிக்கல், பிராஸ்டேட்டால் முக்கிச் சிறுநீர் கழிப்பது ஆகியவற்றை முதலில் சரிசெய்யாவிட்டால், முன்பு புடைப்பை வளர்த்த அதே அழுத்தம் தைத்த இடத்தையும் தாக்கும். சர்க்கரை கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். ஆஸ்பிரின், குளோபிடோகிரெல் போன்ற ரத்தம் உறையாமைக்கான மாத்திரைகளையும் சில சர்க்கரை மாத்திரைகளையும் எப்போது நிறுத்துவது, எதை நிறுத்தக் கூடாது என்று மயக்க மருத்துவர்தான் சொல்ல வேண்டும். நாட்டு மருந்து, சூரணம் சாப்பிடுகிறவர்கள் அதைச் சொல்லத் தயங்குகிறார்கள், தயங்கக் கூடாது. வீட்டில் பிளேடால் மழித்துக்கொண்டு போவதும் வேண்டாம், சிறு கீறல்களில் கிருமி ஏறும். திட உணவை 6 மணி நேரம் முன்பும், தண்ணீரை 2 மணி நேரம் முன்பும் நிறுத்துவது பொதுவான விதி. பால் கலந்த காபி தண்ணீர்க் கணக்கில் வராது.

செலவுக்குத் தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உதவி கிடைக்கும். ஆனால் எந்த அறுவை எந்த மருத்துவமனையில் திட்டத்துக்குள் வரும் என்பதை அங்குள்ள காப்பீட்டுப் பிரிவில் முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும். சேர்க்கை நாளில் குடும்ப அட்டைக்கு அலைவது இரட்டை வேதனை.

அறுவை பெரும்பாலும் ஒரு மணி நேர வேலை. பலர் மறுநாளே வீடு திரும்புகிறார்கள். சிரமம் வீட்டில்தான் தொடங்குகிறது. மயக்க மருந்து கொடுத்த முதல் 24 மணி நேரம் பொறுப்பான ஒரு பெரியவர் கூடவே இருக்க வேண்டும். மருத்துவமனையில் இருக்கும்போது, முதுகில் ஊசி போட்டவருக்குச் சிறுநீர் பிரியத் தாமதமாகலாம், அதைக் கவனித்துச் செவிலியரிடம் சொல்வது அட்டெண்டரின் முதல் வேலை. ஆண்கள் வார்டு என்றால் இரவில் ஆண் துணையே கேட்பார்கள். பகலுக்கு ஒருவர், இரவுக்கு ஒருவர் என்று முறைபோடாவிட்டால் மூன்றாம் நாள் துணைக்கு வந்தவரே படுத்துவிடுவார்.

உதவி என்றதும் கஞ்சி வைப்பதைத்தான் நினைக்கிறோம். உண்மையில் தேவைப்படுவது தூக்குகிற கை. நிறைந்த கேஸ் சிலிண்டர் 14.2 கிலோ எரிவாயுவும் இரும்புமாக ஏறக்குறைய 30 கிலோ. குடிநீர்க் குடம், அரிசி மூட்டை, ஓடி வந்து காலைக் கட்டிக்கொள்ளும் பேரப்பிள்ளை, சென்டர் ஸ்டாண்ட் போட வேண்டிய மோட்டார் சைக்கிள்: இவற்றுக்கு யார் என்று முன்பே பேசி வைக்க வேண்டும். வீட்டுத் தலைவிக்கே அறுவை என்றால் இந்தப் பேச்சு இன்னும் அவசியம், நான்காம் நாளே அவர் குடத்தைத் தூக்குவதைப் பல வீடுகள் பார்த்துக்கொண்டுதான் இருக்கின்றன. பாயைவிடக் கட்டில் மேல். எழும்போது ஒருக்களித்து, கையை ஊன்றி எழ வேண்டும். இருமல் வந்தால் தலையணையைத் தையல்மேல் அணைத்துப் பிடிக்க வேண்டும். குத்தவைக்கும் கழிவறைதான் என்றால், சில நாளுக்குக் கமோடு நாற்காலி வாடகைக்குக் கிடைக்கும்.

ஆனால் படுத்தே கிடப்பது ஓய்வல்ல. குடலிறக்கத்துக்கென்றே 1945இல் கனடாவில் எட்வர்டு ஷோல்டைஸ் தொடங்கிய மருத்துவமனை, நோயாளியை அன்றே நடக்க வைப்பதற்குப் பேர்போனது. 2018இல் வெளியான சர்வதேச நெறிமுறைகளும், மூன்று முதல் ஐந்து நாளில் இயல்பான நடமாட்டத்துக்குத் திரும்பலாம் என்கின்றன. கனமான வேலைக்கு மட்டும் நம் மருத்துவர்கள் பலர் நான்கு முதல் ஆறு வாரம் கேட்கிறார்கள். மூட்டை தூக்கிப் பிழைப்பவர் இதைக் கணக்கிட்டே தேதி குறிப்பது நல்லது. பத்தியம் என்ற பெயரில் காய்கறியை நிறுத்திவிட்டு ரசஞ்சாதமே ஊட்டுவது, மலச்சிக்கலைத் தானே வரவழைப்பதாகும். கீரை, பழம், போதிய தண்ணீர், மருத்துவர் சொன்னால் இசப்கோல் போதும்.

கவட்டையிலும் விரைப்பையிலும் சில நாள் வீக்கமும் நீலம்பாய்தலும் இருந்தால் பயப்பட வேண்டியதில்லை. காய்ச்சல், தையலில் சீழ், நிற்காத ரத்தக்கசிவு, சிறுநீர் பிரியாமை இருந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அறுவைக்குக் காத்திருக்கும் காலத்தில் புடைப்பு கல்லாக இறுகி, உள்ளே போகாமல், வாந்தியும் கடும் வலியும் வந்தால் எண்ணெய் தேய்த்து அமுக்கிப் பார்க்க வேண்டாம். குடலுக்கு ரத்த ஓட்டம் நின்றிருக்கலாம், உடனே 108ஐ அழையுங்கள்.