புளூடூத்: மறைந்த கம்பியும் மறையாத கட்டளையும்

கணினியுடன் கைத்தொலைபேசியையோ ஹெட்செட்டையோ கம்பியின்றி இணைப்பதற்கு இன்று திரையிலுள்ள ஒரு சிறு நீலக் குறியை அழுத்தினால் போதும். அந்தக் குறிக்குப் பின்னால் என்ன நடைபெறுகின்றது என்பதைப் பார்க்க விரும்புவோர், லினக்ஸ் கணினியில் கட்டளைகளைத் தட்டச்சுச் செய்யும் கறுப்புத் திரைக்குச் செல்ல வேண்டும். நான் சில ஆண்டுகளாக லினக்ஸையே பாவித்து வருகின்றேன். புளூடூத்தின் வரலாறு அதன் விளம்பரங்களில் இருப்பதைக் காட்டிலும் இந்தக் கறுப்புத் திரையின் கட்டளைப் பெயர்களிலேயே உண்மையாகப் பதிவாகியிருக்கின்றது என்பது எனது எண்ணம்.

1994 ஆம் ஆண்டில் சுவீடனின் லுண்ட் நகரில் எரிக்சன் நிறுவனத்தின் பொறியியலாளர்கள் ஒரு சாதாரணமான கேள்வியுடன் ஆராய்ச்சியைத் தொடங்கினர். கைத்தொலைபேசிக்கும் அதன் துணைக் கருவிகளுக்கும் இடையிலுள்ள கம்பியை அகற்றிவிட முடியுமா என்பதே அக்கேள்வி. நெதர்லாந்தைச் சேர்ந்த யாப் ஹார்ட்சனும் சுவீடனைச் சேர்ந்த ஸ்வென் மட்டிசனும் இதில் முக்கிய பங்கு வகித்தனர். அவர்கள் தெரிவு செய்த 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசை எவரும் அனுமதிப்பத்திரமின்றிப் பயன்படுத்தக்கூடியது. நுண்ணலை அடுப்பும் அதே அலைவரிசையில்தான் இரைகின்றது. அந்த இரைச்சலுக்குள் தப்பிப் பிழைப்பதற்காக, 79 அலைவழிகளுக்கிடையே செக்கனுக்கு 1,600 தடவைகள் தாவித் தாவிப் பேசும் முறை வகுக்கப்பட்டது. எந்த ஒழுங்கில் தாவுவது என்பதை இணைப்பிற்குத் தலைமை தாங்கும் கருவியின் முகவரியும் கடிகாரமும் தீர்மானிக்கின்றன. (ஹொலிவூட் நடிகை ஹெடி லமாரே புளூடூத்தைக் கண்டுபிடித்தார் என்று பத்திரிகைகள் அவ்வப்போது எழுதுவதுண்டு. அவரும் இசையமைப்பாளர் ஜோர்ஜ் அன்தெயிலும் அலைவரிசை தாவும் முறையொன்றுக்கு 1942 இல் காப்புரிமை பெற்றது உண்மை. மிகுதி எங்கள் தொழிலுக்கே உரிய மிகைப்படுத்தல்.)

பெயரின் கதை பலரும் அறிந்ததே. பத்தாம் நூற்றாண்டின் டென்மார்க் மன்னன் ஹரால்ட், ‘நீலப்பல்லன்’ என்ற பட்டப்பெயர் கொண்டவன். இன்டெல் நிறுவனத்தின் ஜிம் கார்டாக் அம்மன்னனின் பெயரைத் தற்காலிகமாக முன்மொழிந்தார். பின்னர் வர்த்தகப் பெயராக ‘ரேடியோவயர்’, ‘பான்’ என்ற இரண்டும் பரிசீலிக்கப்பட்டு, வர்த்தகச் சின்னச் சிக்கல்களால் கைவிடப்பட்டன. 1998 மே மாதத்தில் எரிக்சன், இன்டெல், நொக்கியா, ஐபிஎம், தொஷிபா ஆகிய ஐந்து நிறுவனங்களின் கூட்டமைப்பு அறிவிக்கப்பட்டபோது தற்காலிகப் பெயரே நிரந்தரமாயிற்று. இங்கு என் கவனத்தைக் கவர்வது மன்னனின் பெயர் அல்ல. கைவிடப்பட்ட ‘ரேடியோவயர்’ என்ற பெயரே. வானொலியாலான கம்பி என்பது அதன் பொருள். கம்பியை ஒழிக்க வந்தவர்களின் சிந்தனையில் கம்பியே நிறைந்திருந்தது.

அவர்களின் தொழில்நுட்பத்திலும் அதுவே நிறைந்திருந்தது. புளூடூத்தின் ஆரம்பகால விதிமுறைகளுள் ஒன்று ‘ஆர்எஃப்கொம்’. ஆர்எஸ்-232 எனப்படும் தொடர் இணைப்புக் கம்பியை, அதன் ஒன்பது சமிக்ஞைகளுடன், காற்றிலே போலியாக உருவாக்குவது அதன் பணி. கம்பியை நம்பி எழுதப்பட்ட பழைய மென்பொருள்கள் கம்பி போய்விட்டதை அறியாமலேயே தொடர்ந்து இயங்கட்டும் என்பது நோக்கம். அந்த ஆர்எஸ்-232 தரமோ 1960 இல் அமெரிக்காவில் வகுக்கப்பட்டது. அதன் ஒரு முனையில் அன்று இருந்தவை பெரும்பாலும் டெலிபிரின்டர்கள்.

டெலிபிரின்டரை இன்றைய இளம் வாசகர்கள் கண்டிருக்க மாட்டார்கள். 1990களின் ஆரம்பத்தில் நான் கொழும்பில் பத்திரிகைத்துறைக்குள் நுழைந்தபோது ஆசிரிய பீடத்தின் மூலையில் அது ஓயாமல் தட்டிக்கொண்டிருந்தது. வெளிநாட்டுச் செய்திகள் கடதாசிச் சுருளில் வரிவரியாக வந்து விழும். அவசரச் செய்தியாயின் மணி ஒலிக்கும்; இரவுக் கடமையில் இருப்பவர் தேநீரை வைத்துவிட்டு ஓடுவார். அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சனும் டெனிஸ் ரிச்சியும் யுனிக்ஸ் இயங்குதளத்தை உருவாக்கியபோது அவர்களுடைய விசைப்பலகையும் திரையும் இத்தகைய இயந்திரமே; செக்கனுக்குப் பத்து எழுத்துகளை அச்சிடும் ‘டெலிடைப் 33’. யுனிக்ஸின் வழிவந்த லினக்ஸில் இன்றும் கட்டளைத் திரைக்குப் பெயர் ‘டிடிவை’. டெலிடைப் என்பதன் சுருக்கம் அது. அந்த மணியும் ஏழாம் இலக்க எழுத்தாக இன்னும் உள்ளே இருக்கின்றது. ஆகவே லினக்ஸ் பயனர் ஒருவர் தனது கைத்தொலைபேசியை ஆர்எஃப்கொம் வழியாகக் கணினியுடன் இணைக்கும்போது, கணினி அதனை இன்னுமொரு டெலிபிரின்டர் வந்து சேர்ந்ததாகவே ஏற்றுக்கொள்கின்றது.

லினக்ஸிற்கு புளூடூத் வந்த வழி நேரானதாக இருக்கவில்லை. லுண்ட் நகரையே தலைமையகமாகக் கொண்ட ஆக்சிஸ் நிறுவனம் ஒரு மென்பொருளை வெளியிட்டது. ஐபிஎம் மற்றொன்றையும் நொக்கியா இன்னொன்றையும் வெளியிட்டன. எனினும் குவால்கொம் நிறுவனத்தில் பணியாற்றிய மக்ஸ் கிராஸ்னியான்ஸ்கி எழுதிய ‘புளூஸீ’ என்ற மென்பொருளே நிலைபெற்றது. 2001 மே மாதத்தில் திறந்த மூல உரிமத்துடன் வெளியாகி, சில வாரங்களிலேயே லினக்ஸின் கருவுக்குள் அது சேர்க்கப்பட்டது. 2004 இல் ஜேர்மனியரான மார்சல் ஹோல்ட்மன் அதன் பராமரிப்பை ஏற்றார். அதனுடன் வந்த ‘எச்சிஐடூல்’, ‘எச்சிஐகொன்ஃபிக்’, ‘ஆர்எஃப்கொம்’ முதலிய சிறு கட்டளைகள் நேரடியாக வன்பொருளுடன் பேசின. ஒரேயொரு வரியைத் தட்டச்சுச் செய்தால், சுற்றாடலில் தம்மைக் காட்டிக்கொள்ளும் கருவிகளின் முகவரிகளும் பெயர்களும் திரையில் வரிசையாக விழும். ஆட்களின் பெயர்களையே தொலைபேசிகளுக்குச் சூட்டியிருந்தோர் அக்காலத்தில் ஏராளம்.

இந்த இடத்தில்தான் கதை பாரதூரமாகின்றது. 2003 இன் இறுதியில் அடம் லோரி என்ற பிரித்தானியரும், 2004 இல் மார்ட்டின் ஹெர்ஃபர்ட்டும், அன்று சந்தையிலிருந்த சில பிரபல கைத்தொலைபேசிகளில் ஓட்டைகளை வெளிப்படுத்தினர். சில தொலைபேசிகளிலிருந்து முகவரிப் புத்தகத்தை உரிமையாளரின் சம்மதமின்றியே உருவ முடிந்தது. வேறு சிலவற்றிலோ ஆர்எஃப்கொம் வழியொன்று பூட்டப்படாமல் திறந்து கிடந்தது. அதனுடன் இணைந்து, 1981 இன் ஹெய்ஸ் மோடத்திற்கென வகுக்கப்பட்ட பழைய கட்டளைகளை அனுப்பினால் தொலைபேசி பணிந்தது. குறுஞ்செய்திகளை வாசிக்கலாம், அனுப்பலாம், அழைப்பும் எடுக்கலாம். கம்பியை அகற்றியவர்கள் கம்பியின் போலியை உள்ளே விட்டுச்சென்றிருந்தனர். கம்பி இருந்த காலத்திலோ அதனைச் செருகுவதற்குத் தொலைபேசி ஒருவர் கையில் இருந்தாக வேண்டும். அந்தப் பாதுகாப்பு, கம்பியுடன் சேர்ந்து காற்றில் போய்விட்டது. இவற்றை 2004 டிசம்பரில் பேர்லினில் நடைபெற்ற மாநாட்டில் அவ்விருவருடன் சேர்ந்து விளக்கியவர் புளூஸீயின் பராமரிப்பாளரான ஹோல்ட்மனே. கதவைச் செய்தவரே பூட்டின் பழுதையும் எடுத்துரைத்தது பாராட்டுக்குரியது.

இலங்கையில் அந்த ஆண்டுகளில் செய்தி சேகரித்தவர்களுக்கு இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை. ஊடகவியலாளனின் தொலைபேசியிலுள்ள பெயர்ப்பட்டியல் அவனது சொத்து மட்டுமன்று. அவனை நம்பிப் பேசியவர்களின் உயிரும்கூட. பஸ்ஸிலும் கூட்டங்களிலும் பத்து மீற்றர் தூரத்தில் யார் நிற்கின்றார்கள் என்பதை எவரால் அறிய முடியும்? அக்காலத்தில் எங்களுள் பலர் புளூடூத்தை எப்போதும் அணைத்தே வைத்திருந்தோம். மூத்த சகா ஒருவர் இலக்கங்களைக் கொப்பியில் மட்டுமே எழுதினார், அதுவும் தனக்கு மட்டும் விளங்கும் ஒரு முறையில்.

2007 இல் வெளியான 2.1 ஆவது பதிப்பு, கருவிகளை ஜோடி சேர்க்கும் முறையை மாற்றியமைத்தது. அதுவரை பாவித்த நான்கு சைபர் இரகசிய இலக்கத்திற்குப் பதிலாக, இரு திரைகளிலும் ஆறு இலக்கங்கள் தோன்றும். ஒன்றேதானா என்று மனிதர் ஒப்பிட்டுச் சம்மதிக்க வேண்டும். 2012 டிசம்பரில் வந்த புளூஸீ 5, பழைய சிறு கட்டளைகளுக்குப் பதிலாக ‘புளூடூத்சிடிஎல்’ என்ற ஒரே கருவியைத் தந்தது. பழையவை 2017 இல் வழக்கொழிந்தவையாக அறிவிக்கப்பட்டன. புதியது வன்பொருளுடன் நேரே பேசுவதில்லை. பின்னணியில் இயங்கும் சேவையொன்றிடம் கோரிக்கை விடுக்கின்றது.

அதனைத் திறந்து ‘பவர் ஆன்’ என்றால் கருவி உயிர்பெறும். ‘ஸ்கான் ஆன்’ என்றால் தேடும். பிறகு வருபவை ‘பெயார்’, ‘ட்ரஸ்ட்’, ‘கனெக்ட்’ என்ற மூன்று தனித்தனிச் சொற்கள். ‘பெயார்’ இரு கருவிகளுக்கும் பொதுவான ஒரு திறவுகோலை உருவாக்குகின்றது. ‘ட்ரஸ்ட்’ இனிமேல் அக்கருவி கேளாமலேயே வந்துபோகலாம் என்று அனுமதிக்கின்றது. ‘கனெக்ட்’ இப்போதைக்கு இணைக்கின்றது. அறிமுகம் வேறு, நம்பிக்கை வேறு, உறவாடுதல் வேறு. வழக்கமான படத்திரைகளில் இவை மூன்றும் ஒரே அழுத்தலில் முடிந்துவிடுவதால் பயனருக்கு வேறுபாடு தெரிவதில்லை. ‘ட்ரஸ்ட்’ கொடுக்காமலேயே ஒரு கருவியை ஜோடி சேர்த்து வைத்திருக்க முடியும் என்பதைக் கறுப்புத் திரையே எனக்குக் காட்டியது. விசைப்பலகைக்கு ‘ட்ரஸ்ட்’ கொடுத்திருக்கின்றேன். பிறர் தொலைபேசிகளுக்குக் கொடுப்பதில்லை.

ஜோடி சேர்ந்த ஒவ்வொரு கருவிக்கும் லினக்ஸ் கணினியில் ஒரு சிறு கோப்பு உண்டு. நிர்வாகி உரிமையுடன் அதனைத் திறந்தால் திறவுகோல் 32 எழுத்துகளாக வெறுமனே எழுதப்பட்டிருப்பதைக் காணலாம். ‘ரிமூவ்’ என்ற கட்டளை அக்கோப்பை அழிக்கின்றது. ஆனால் அழிவது இந்தப் பக்கத்தில் மட்டுமே. மறுபக்கக் கருவியில் அதே திறவுகோல், அங்குள்ளவர் தாமாக நீக்கும் வரை கிடக்கும்.