வெண்ணிற உடையில் ஒரு சிறுமி

இலண்டன் மாநகரின் டேட் ஓவியக் கூடத்திற்கு உரிய எண்ணெய் ஓவியம் ஒன்று, 6 அடிக்கும் மிகுந்த உயரமுடையது. வெண்ணிற மஸ்லின் உடையணிந்து, இறகு செருகிய தொப்பியைக் கையிற் பற்றியவளாய், ஒரு சிறுமி அதில் நிற்கின்றாள். விக்டோரியா அரசியார் காலத்தில், 1872 முதல் 1874 வரை, விசிலர் என்னும் ஓவியர் இதனைத் தீட்டினார். அவர் அமெரிக்காவிற் பிறந்து இலண்டனில் வாழ்ந்தவர். சிறுமியின் பெயர் சிசிலி அலெக்சாந்தர். வங்கியாளர் ஒருவரின் மகள். ஓவியம் தொடங்கியபோது வயது 8.

அம்முகத்தில் சிரிப்பில்லை. அவள் 70 தடவைக்கு மேல் ஓவியர் முன் நின்றாள் என்பர். நிலை மாறாது மணிக்கணக்காய் நின்று களைத்ததையும், பல நாள்கள் கண்ணீரில் முடிந்ததையும் பிற்காலத்தில் அவளே நினைவுகூர்ந்தாள். அக்காலத்தில் அதே ஓவியரிடம் தம் உருவத்தை எழுதுவித்த முதிய அறிஞர் தாமசு கார்லைல், அவளை வாயிலிற் கண்டு இரங்கினார் என்றொரு செய்தி வழங்குகின்றது. உட்கார்ந்தே சலித்தவர் அவர். நின்றவள் பாடு அவருக்கு விளங்காதா?

உடையை வகுத்தவரும் ஓவியரே. அது தைக்கப்பட்டதையும் வெளுக்கப்பட்டதையும்கூட அவர் மேற்பார்த்தார். ஓவியத்தின் தலைப்பில் சிறுமியின் பெயர் உண்டு; ஓவியரின் பட்டாம்பூச்சி முத்திரையும் உண்டு. தைத்த கைக்கும் வெளுத்த கைக்கும் அங்கே இடமில்லை.

நம் இளைஞர் இவ்விடத்தில் மற்றொன்றையும் அறிதல் வேண்டும். 1844ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டப்படி, 8 வயது நிரம்பிய பிள்ளையை நெசவாலையில் நாளொன்றுக்கு ஆறரை மணி நேரம் வேலை வாங்கலாம்; எஞ்சிய அரைநாள் பள்ளி. வறுமையாற் பெற்றோர் அனுப்பினர். மலிந்த கூலிக்காக ஆலையார் ஏற்றனர். களைத்து வந்த பிள்ளை பள்ளியில் என்ன கற்றிருக்கும்? சிசிலி ஓவியர்முன் முதலில் நின்ற நாளிலும் அச்சட்டமே நடைமுறையில் இருந்தது. அவள் வயதினரான ஆலைச் சிறுமியரைக் காண விழைவோர் ஓவியக் கூடங்களைவிடத் தொழிற்சாலை ஆய்வாளர்களின் அறிக்கைகளையே நாடுதல் வேண்டும். வரலாறு பயில்வோர் இவ்விரண்டையும் சேர்த்தே படித்தல் நன்று.

ஓவியம் முடிந்த 1874இல் வந்த புதிய சட்டம் அவ்வயதை 10 ஆக உயர்த்த வழி செய்தது. 1880இல் இங்கிலாந்திலும் வேல்சிலும் 5 முதல் 10 வயது வரை பள்ளிக்கல்வி கட்டாயமாயிற்று. எனினும் அரைநாள் ஆலை, அரைநாள் பள்ளி என்னும் முறைக்கு முடிவு கட்டியது 1918ஆம் ஆண்டுக் கல்விச் சட்டமே. அப்போது சிசிலி 50 வயதைக் கடந்திருந்தாள்.