பொருள் தெரியாமல் பாடிய பாட்டு

அடிமைக் கப்பலில் ஏற்றப்பட்டவளுக்கு மூட்டை ஏது, முடிச்சு ஏது? சியரா லியோன் கரையிலிருந்து அமெரிக்காவின் ஜார்ஜியாவுக்கு அவள் கொண்டுவந்தது ஒரு பாட்டு. ஐந்தே வரி.

அவளைப் போன்றவர்களை அங்கே கொண்டுபோனதற்குக் காரணம் நெல். தென் கரோலினா, ஜார்ஜியா சதுப்பு நிலங்களில் நெல் போட்ட பண்ணைக்காரர்கள், நெல் விவசாயம் தெரிந்த மேற்கு ஆப்பிரிக்கர்களைத் தேடித்தேடி வாங்கினார்கள். தெரிந்த வேலையே எமனாக வந்தது. அவர்களுடைய வழித்தோன்றல்களுக்குக் கல்லா மக்கள் என்று பெயர். தமிழில் எழுதும்போது, கல்லாதவர்கள் என்று பொருள்பட்டு, இந்தப் பெயர் உறுத்துகிறது. வெள்ளையர்களும் அவர்கள் பேச்சைக் கல்லாதவர்களின் உடைந்த ஆங்கிலம் என்றுதான் ஒதுக்கிவைத்திருந்தார்கள்.

அப்படியில்லை என்று காட்டப் புறப்பட்டவர் லோரென்சோ டர்னர் என்ற கறுப்பின மொழியியலாளர். 1930களின் தொடக்கத்தில், ஹாரிஸ் நெக் என்ற கடலோர ஊரில் அமேலியா டாலி என்ற பெண் பாடியதைப் பதிவு செய்தார். அமேலியாவுக்குப் பாட்டின் பொருள் தெரியாது. அம்மா பாடினாள், இவளும் பாடினாள். மகள் மேரிக்கும் சொல்லிக்கொடுத்தாள். மேரிக்கு அது துள்ளி ஆடுகிற பிள்ளைப் பாட்டு. பதிவைக் கேட்ட சியரா லியோன் மாணவர் ஒருவர், இது எங்கள் மெண்டே மொழியாயிற்றே என்றார். 1949இல் வெளிவந்த டர்னரின் புத்தகத்தில் பாட்டு இடம்பிடித்தது. அதற்கு முன்பே, 1942இல், விமானதளம் கட்டுவதற்கென்று அரசாங்கம் ஹாரிஸ் நெக் குடும்பங்களை வெளியேற்றிவிட்டது. பாட்டு மறுபடியும் வீடிழந்தது.

புத்தகம் வந்து சுமார் நாற்பது ஆண்டுகள் கழித்து மானிடவியலாளர் ஜோசப் ஓபாலா, இசை ஆய்வாளர் சிந்தியா ஷ்மிட், மெண்டே மொழியறிஞர் தாசியெஃப் கொரோமா மூவரும் பாட்டின் ஊரைத் தேடினார்கள். பாட்டில் இருந்த ஒரு சொல் எந்த வட்டாரத்து வழக்கு என்று கொரோமாவுக்குப் பிடிபட்டது. ஷ்மிட் பதிவை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கத்துக் கிராமங்களுக்குப் போனார். செனெஹுன் கோலா என்ற ஊரில் பெண்டு ஜபாட்டி என்ற பெண்ணுக்கு அந்தப் பாட்டு தெரிந்திருந்தது. அவருக்குப் பாட்டி சொல்லிக்கொடுத்தது.

பிள்ளைப் பாட்டே இல்லை அது. நம் ஊரில் ஒப்பாரி என்போமே, அந்த இனம். குழி வேலை இன்னும் முடியவில்லை, கூடி வாருங்கள், போனவரின் மனம் குளிரட்டும் என்கிற பொருளில் கல்லறையருகே பெண்கள் பாடுவது. அங்கேயே சோறு ஆக்கி, கடைசியில் பானையைக் கவிழ்த்துவைத்து இறந்தவருக்கு விடைகொடுப்பார்கள். இஸ்லாமும் கிறிஸ்தவமும் வேரூன்றிய பிறகு சடங்கு நின்றுபோயிற்று. கடலின் ஒரு கரையில் சடங்கைத் தொலைத்த பாட்டு, மறுகரையில் பொருளைத் தொலைத்திருந்தது.

ஜார்ஜியாவில் அமேலியாவின் மகள் மேரி மோரனைக் கண்டுபிடித்தார்கள். அவரும் பாட்டை மறக்கவில்லை. உடனே கிளம்ப முடியாதபடி சியரா லியோனில் உள்நாட்டுப் போர் மூண்டது. 1997இல்தான் அவர் குடும்பத்தோடு செனெஹுன் கோலா போய்ச் சேர்ந்தார். வயது எழுபதைத் தாண்டியிருந்தது. நின்றுபோன சடங்கை ஊரார் அவருக்காக மறுபடியும் நடத்தினார்கள், சிறுவயதில் அவர் எந்தப் பாட்டுக்குத் துள்ளினாரோ அதே பாட்டோடு.