முயல் கூண்டும் நாற்பது பக்க நோட்டும்

ஞாயித்துக்கிழமை காலையில் எங்க மாட்டுக்கொட்டகைக்கு ஊர்ப் பிள்ளைகள் அஞ்சு பேர் வருவாங்க. முயல் வளர்க்கப் பழகுறாங்க. ஆளுக்கொரு கூண்டு, ஆளுக்கொரு நாற்பது பக்க நோட்டு. கோயமுத்தூரிலிருந்து வந்த நண்பர் ஒருத்தர், "முயலுக்கு எதுக்குங்க நோட்டு?" என்று சிரித்தார். அந்த நோட்டுக்கு நூறு வருஷத்துக்கு மேல் வரலாறு இருக்குங்க.

1902 ஜனவரியில் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில், ஸ்பிரிங்ஃபீல்டு என்ற ஊரில், ஏ.பி. கிரகாம் என்கிற பள்ளிக் கண்காணிப்பாளர் கிராமத்துப் பிள்ளைகளைச் சேர்த்து ஒரு சங்கம் தொடங்கினார். மக்காச்சோளம் விதைப்பது, மண்ணைச் சோதிப்பது, காய்கறித் தோட்டம் போடுவது என்று எல்லாமே கையால் செஞ்சு படிக்கிற பாடம். விவசாயக் கல்லூரிக்காரங்க புது முறை எதைச் சொன்னாலும் அப்போ பெரியவங்க லேசில் ஏத்துக்கல. பிள்ளைகள் செஞ்சு பார்த்தாங்க. அதைப் பார்த்துத்தான் வீட்டுப் பெரியவங்களும் நம்பினாங்க.

இப்படி அங்கங்கே கிளம்பிய சங்கங்கள்தான் பிறகு '4-எச்' ஆச்சு. தலை, இதயம், கை, உடல்நலம் என்ற நாலுக்கும் ஆங்கிலத்தில் எச் தான் முதல் எழுத்து. 1914இல் வந்த சட்டம் இந்த வேலையை அரசின் விவசாய விரிவாக்கத்தோடு சேர்த்தது. கன்னுக்குட்டி வளர்க்க இடமும் பணமும் இல்லாத பிள்ளைக்கு அங்கே முயல் தோதாக அமைஞ்சுது. கூடவே ஒரு பதிவு நோட்டும் உண்டு. தீவனச் செலவு, இணை சேர்த்த நாள், பிறந்த குட்டி, செத்த குட்டி எல்லாம் அதில் ஏறணும்.

எங்களுக்கு அந்த நோட்டு கிடைக்கல. 1990களின் கடைசியில் ஒரு கம்பெனிக்காரங்க வந்து, "ஜோடி வாங்கிக்கங்க, குட்டிகளை நாங்களே எடுத்துக்கறோம்" என்றாங்க. நானும் என் கூட்டாளியும் வாங்கினோம். அவன் அதுக்காக அம்மாவின் தோட்டை அடகு வெச்சான். வந்தது வெள்ளை ஜெயன்ட், சோவியத் சின்சில்லா. கொடைக்கானல் பக்கம் மன்னவனூரிலும், ஊட்டி பக்கம் சாந்திநல்லாவிலும் அரசு பண்ணைகளில் முயல் வளர்க்கிறாங்க. ரெண்டும் குளிர்ந்த மலை. நாங்க வெச்சது தகரக் கூரைக்கு அடியில்.

முயலுக்கு மனுஷன் மாதிரி வேர்க்காது. காது வழியாத்தான் பெரும்பாலும் சூட்டை விடும். சித்திரை மாசம் ஒரே மத்தியானத்தில் பதினோரு முயல் போச்சு. தாய் முயல் ஒரு நாளைக்கு ஒரு தடவை, சில நிமிஷம்தான் பால் கொடுக்கும். அது தெரியாம, தாய் கவனிக்கலைன்னு நெனச்சு, குட்டிகளுக்குப் பசும்பால் புகட்டி நாங்களே கொன்னோம். கம்பெனி தந்த தாளில் வருமானக் கணக்கு மட்டும்தான் இருந்தது. பிறகு அவங்க ஆளும் வரல, போனும் போகல. கூட்டாளி திருப்பூர் பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போனவன், விவசாயத்துக்குத் திரும்பவே இல்ல.

இப்போ வர்ற அஞ்சு பேரில் ஒருத்தி அவன் பொண்ணு. எட்டாவது படிக்கிறா. அவளை அனுப்பும் முன்னே அவன் கேட்டது ஒண்ணுதான்: "கூரை தகரமா, ஓலையா?"

ஓலைதான். கோடையில் ஈரச் சாக்கும் தொங்கும். முதல் பாடம், காதைப் பிடிச்சுத் தூக்கக் கூடாது. பின்பக்கத்தைக் கையால் தாங்கணும். அடுத்து, வேலிமசால், அகத்தி, கல்யாண முருங்கை இதெல்லாம் அறுத்துப் போடப் பழகணும். சினைக்காலம் சுமார் 31 நாள். 27, 28ஆம் நாளே குட்டி போடப் பெட்டி வைக்கணும்.

போன மாசம் அவள் பெட்டி வைக்க மறந்துட்டா. ஏழு குட்டி ராத்திரியில் கம்பி வலை மேலேயே பிறந்தது. ரெண்டு விறைச்சுப் போச்சு. அழுதுகிட்டே நோட்டோட வந்தா.

"பெரியப்பா, இதையும் எழுதணுமா?"

"அதைத்தாம்மா மொதல்ல எழுதணும்."

எழுதினா: "7 குட்டி. 2 செத்தது. பெட்டி வைக்கவில்லை. தப்பு என்னுடையது." அதுக்குக் கீழே, அடுத்த பெட்டி வைக்க வேண்டிய தேதி.