சட்டைப்பை ரேடியோ பிறந்த கதை

வரப்பு மேலே டிரான்சிஸ்டரை வைத்துவிட்டு, நாற்று முடியைப் பிரித்துக்கொண்டே நிகழ்ச்சி கேட்டவர்கள் நம்மில் உண்டு. அந்தப் பெட்டி அவ்வளவு சிறுத்தது எப்படி? அதைத்தான் இன்றைக்குச் சொல்லப் போகிறேன்.

அதற்கு முந்தியது வால்வு ரேடியோ. வால்வு என்பது பல்பு மாதிரி. உள்ளே உள்ள கம்பி சூடேறினால்தான் வேலை செய்யும். சூடேற்ற ஒரு பாட்டரி வேணும். அது போக 67½ வோல்ட், 90 வோல்ட் என்று இன்னொரு பாட்டரி. தூக்கிக்கொண்டு போகலாம்தான், ஆனால் பாட்டரி வாங்கியே கை வறண்டுவிடும். வாய்க்கால் கசிவிலே தண்ணீர் போகிற மாதிரி, மின்சாரம் வெறும் சூடாகவே போயிற்று.

1947 டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பார்டீன், பிராட்டைன் என்ற இருவர் ஜெர்மானியம் என்ற தாதுப்பொருளின் சின்னத் துண்டை வைத்து டிரான்சிஸ்டர் செய்தார்கள். இதற்குச் சூடேற்ற வேண்டியதே இல்லை. குழுத் தலைவர் ஷாக்லியோடு சேர்த்து மூவருக்கும் 1956-இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஆனால் ரேடியோவாக்குவது லேசில் நடக்கவில்லை. டிரான்சிஸ்டர் விலை அப்படி! பூமிக்கடியில் எண்ணெய் தேடும் வேலையில் தொடங்கிய டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் கம்பெனி அதைச் செய்து வைத்திருந்தது. பெரிய ரேடியோ கம்பெனிகள் கைகொடுக்கவில்லை. கடைசியில் இண்டியானாபோலிஸ் ஊரின் ஐ.டி.ஈ.ஏ. என்ற சின்னக் கம்பெனிதான் துணிந்தது. அதன் எஞ்சினியர் ரிச்சர்ட் கோச், ஒரே டிரான்சிஸ்டரை இரண்டு வேலை பார்க்க வைத்து, மொத்தம் நான்கோடு முடித்தார். ஒரே ஆளை மடையும் திருப்பச் சொல்லி, மாட்டையும் பார்க்கச் சொல்கிற சிக்கனம்தான், வேறென்ன!

1954 அக்டோபரில் 'ரீஜென்சி டி.ஆர்-1' வெளிவந்தது. உயரம் 5 அங்குலம், அகலம் 3 அங்குலம். விலை 49 டாலர் 95 சென்ட். அன்றைய மாற்றுக் கணக்கில் ஏறக்குறைய 238 ரூபாய். சத்தம் கொஞ்சம் கரகரப்பு. 22½ வோல்ட் பாட்டரி ஒன்றே போதும் என்றாலும், இருபது மணி நேரத்துக்குச் சற்றுக் கூடத்தான் உழைத்தது. எங்கள் தாத்தா ஓய்ந்த பாட்டரிக்கட்டையை முற்றத்து வெயிலில் காயவைத்து மறுபடி போடுவார். அந்தத் தவிப்பு அமெரிக்காவிலும் இருந்திருக்கும் போல!

ஜப்பானில் சோனி நிறுவனத்தார் 1955-இலேயே டிரான்சிஸ்டர் ரேடியோ விற்றார்கள். 1957-இல் டி.ஆர்-63 என்ற சின்னப் பெட்டி வந்தது. அது சாதாரணச் சட்டைப்பைக்குக் கொஞ்சம் பெரிசு. அதனால் விற்பனைக்காரர்களுக்குப் பெரிய பை வைத்த சட்டை தைத்துக் கொடுத்தார்கள் என்று ஒரு கதை உண்டு!

பிறகு விலை இறங்க, நம் கிராமங்களுக்கும் அந்தப் பெட்டி வந்து சேர்ந்தது. 1960களின் பிற்பாதியில் திருச்சி வானொலி ஏ.டி.டி. 27 குறுவை நெல்லைப் பற்றிச் சொல்லச் சொல்ல, தஞ்சாவூர்ப் பக்கம் அந்த ரகத்துக்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் விழுந்துவிட்டது.