எழுத்தாணியும் கீறலும்: கையடக்கக் கணினிக்கு வீட்டிலே வெட்டிய கவசம்

கையடக்கத் தொலைபேசி வாங்குகிறவர் கடையை விட்டு வெளியேறுவதற்கு முன்பே அதன் திரைமீது ஒரு கண்ணாடித் தாளை ஒட்டுவித்துக்கொள்வது இன்று வழக்கமாகிவிட்டது. கொழும்பு, யாழ்ப்பாணம், சென்னை, இலண்டன், ரொறன்ரோ என எந்த நகருக்குச் சென்றாலும் இந்த வேலையைச் சில நிமிடங்களில் முடித்துக் கொடுக்கும் சிறு கடைகளைக் காணலாம். ஒட்டுவிப்பவரும் கேள்வி கேட்பதில்லை, ஒட்டுபவரும் விளக்கம் சொல்வதில்லை. ஆயினும் இந்த மெல்லிய தாளுக்கு ஒரு வரலாறு உண்டு. அதன் முதல் அத்தியாயத்தில் பெருந்தொகையான பக்கங்களை எழுதியவர்கள் கத்தரிக்கோலும் அடிமட்டமும் கையில் எடுத்த சாதாரணப் பாவனையாளர்களே.

விலை கொடுத்து வாங்கிய ஒரு பொருள் அன்றாடப் பாவனையில் தேய்வதற்கு யார் பொறுப்பு? செய்தவரா, வாங்கியவரா? சிறியதாகத் தோன்றும் இந்தக் கேள்விதான் அந்த வரலாற்றின் அடியில் ஓடிக்கொண்டிருக்கிறது.

மரக்கட்டையில் பிறந்த கணினி

1993 ஆம் ஆண்டில் அப்பிள் நிறுவனம் நியூட்டன் மெசேஜ்பாட் என்ற கையடக்கக் கருவியை வெளியிட்டது. திரைமீது எழுதினால் கையெழுத்தைப் புரிந்துகொள்ளும் என்று அறிவிக்கப்பட்ட அந்தக் கருவி, எழுதியதை வேறாகப் புரிந்துகொண்டு கேலிக்கு ஆளானது. அதே ஆண்டில் வெளிவந்த சூமர் என்ற கருவியும் சந்தையில் எடுபடவில்லை. சூமருக்கான மென்பொருளை ஆக்கியவர்களுள் ஒருவர் ஜெஃப் ஹோக்கின்ஸ். 1992 இல் பாம் கம்பியூட்டிங் நிறுவனத்தைத் தொடங்கியவர் அவரே.

தோல்வியிலிருந்து ஹோக்கின்ஸ் கற்ற பாடம் எளிமையானது. கருவி சட்டைப் பைக்குள் அடங்க வேண்டும். அதற்கு ஏற்ற அளவில் ஒரு மரக்கட்டையைத் தம் வீட்டு வாகனக் கொட்டகையில் வெட்டியெடுத்தார். சீனர்கள் உணவருந்தும் குச்சியொன்றைச் சீவி எழுதுகோலாக்கினார். கூட்டங்களுக்குச் செல்லும்போது அந்தக் கட்டையைப் பையில் வைத்திருந்து, குறிப்பு எழுதுவதுபோல அதன்மீது எழுதிப் பார்த்தார். அந்த மரக்கட்டை கலிபோர்னியாவிலுள்ள கணினி வரலாற்று அருங்காட்சியகத்தில் இன்று பேணப்படுகிறது.

1996 இல் பைலட் 1000, பைலட் 5000 என்ற இரு கருவிகள் விற்பனைக்கு வந்தன. முதலாவதன் விலை 299 டொலர். ஒரு டொலர் ஏறத்தாழ 55 ரூபாவாக இருந்த அக்காலத்தில் இலங்கைப் பணத்தில் அது 16,000 ரூபாவைத் தாண்டும். 160 புள்ளிக்கு 160 புள்ளி கொண்ட கறுப்பு வெள்ளைத் திரை. அதன் கீழே எழுதுவதற்கென ஒரு சிறு கட்டம். இரண்டு சிறிய பற்றரிகள். அவ்வளவுதான். நியூட்டனிடம் இல்லாத ஒன்று இதனிடம் இருந்தது. மனிதரின் கையெழுத்தைக் கணினி கற்பதற்குப் பதிலாக, கணினிக்குப் புரியும் எழுத்தை மனிதர் கற்றுக்கொள்ள வேண்டும். கிரஃபிட்டி எனப் பெயரிடப்பட்ட அந்த எழுத்துமுறையில் ஆங்கில எழுத்துகளுள் பெரும்பாலானவை ஒரே இழுப்பில் எழுதப்பட்டன. சிறிது பயிற்சியோடு அது கைவந்தது. கருவி பெருவெற்றி பெற்றது.

மென்மையான இடத்தில் வன்மையான வேலை

வெற்றியோடு ஒரு குறையும் வந்தது. அதனை விளங்கிக்கொள்ள அந்தத் திரையின் அமைப்பை அறிய வேண்டும்.

அமெரிக்காவின் கென்டக்கிப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய சாமுவெல் ஹேர்ஸ்ட் என்ற இயற்பியலாளர் 1970களில் உருவாக்கிய நுட்பத்தின் வழிவந்தவை இவ்வகைத் தொடுதிரைகள். அடியில் ஒரு கண்ணாடி. அதன்மேல் மின்சாரம் கடத்தும் ஒளிபுகும் பூச்சு. அதற்கு மேலே அதே பூச்சுப் பூசிய மெல்லிய பொலியெஸ்ரர் தாள். இரண்டும் ஒட்டிக்கொள்ளாதபடி கண்ணுக்குத் தெரியாத சிறு புள்ளிகள் இடையே நிற்கும். எழுதுகோல் அழுத்தும்போது மேல்தாள் வளைந்து கீழ்த்தளத்தைத் தொடும். தொட்ட இடத்தின் மின்னழுத்தத்தைக் கொண்டு அது எந்த இடம் என்று கருவி கணிக்கும்.

ஆகவே மேல்தாள் வளையக்கூடியதாக இருந்தே தீர வேண்டும். கண்ணாடியைப்போல் விறைப்பாக இருந்தால் கருவி வேலை செய்யாது. வளைவது மென்மையானது. மென்மையானது கீறுபடும். மணலின் பெரும்பகுதியான குவார்ட்ஸ் கனியத்தின் வன்மை மோஸ் அளவையில் 7. சாதாரணக் கண்ணாடியின் வன்மை ஏறத்தாழ 5.5. கண்ணாடியையே கீறவல்ல மணல்துகள் பொலியெஸ்ரர் தாளை என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை. எழுதுகோலின் முனைக்கும் திரைக்கும் இடையே ஒரு துகள் அகப்பட்டால் போதும், ஒவ்வோர் எழுத்தும் ஒரு கீறலாகிவிடும்.

எல்லாவற்றிலும் அதிகமாக அடிவாங்கியது கிரஃபிட்டி எழுதும் கட்டமே. நாள்தோறும் நூற்றுக்கணக்கான முறை ஒரே சிறு பரப்பில் ஒரே வகையான இழுப்புகள். சில மாதங்களில் அந்தக் கட்டம் மங்கிவிடும். கருவியின் உள்ளுறுப்புகள் புதிதுபோல் இயங்கிக்கொண்டிருக்கும்போதே அதன் முகம் முதுமை அடைந்துவிடும்.

கத்தரிக்கோலும் அடிமட்டமும்

இதற்கென வெட்டிய ஒட்டுத்தாள்களைச் சில நிறுவனங்கள் 1990களின் பிற்பகுதியிலேயே விற்றன. ஆயினும், வாங்கிய விலைக்கு மேல் மாதந்தோறும் தாளுக்கும் செலவழிக்க வேண்டுமா என்று எண்ணியவர்கள் தம் மேசையைச் சுற்றிப் பார்த்தனர். விடை அங்கேயே இருந்தது.

முதல் விடை, வகுப்பறைகளிலும் கூட்டங்களிலும் ஓவர்ஹெட் புரொஜெக்டரில் வைத்துக் காட்டும் ஒளிபுகும் தாள். அதுவும் பொலியெஸ்ரர்தான், தடிப்பு ஏறத்தாழ 0.1 மில்லிமீற்றர். அதாவது, திரையின் மேல்தாளுக்கு அதே இனத்தைச் சேர்ந்த உறவினர். போட்டோப்பிரதி இயந்திரத்துக்குரிய வழுவழுப்பான வகையே பொருத்தமானது. மைதெளிப்பு அச்சுப்பொறிக்குரிய வகையில் ஒரு பக்கம் சொரசொரப்பான பூச்சு இருப்பதால் எழுத்துத் தெளிவாகத் தெரியாது.

செய்முறை பொறுமையை வேண்டுவது. முதலில் தடித்த காகிதத்தில் திரையின் அளவுக்கு ஒரு மாதிரி வெட்ட வேண்டும். பாம் கருவிகளில் திரை சட்டகத்துக்குள் சற்றே பதிந்திருக்கும். எனவே தாளை ஓர் இழை பெரிதாக வெட்டினால் அதன் விளிம்புகள் சட்டகத்தின் கீழே செருகிக்கொள்ளும், பசையே தேவைப்படாது. மூலைகளை வட்டமாக நறுக்க வேண்டும். கூரிய மூலை மேலெழுந்து நிற்கும். ஆனால் அளவுக்கு மிஞ்சி இறுக்கமாக வெட்டினால் விளிம்பின் அழுத்தத்தைக் கருவி எழுதுகோலின் தொடுகை என்று எண்ணித் தானாகவே இயங்கத் தொடங்கிவிடும். எல்லாம் பொருந்திய பின் திரையின் தொடுபுள்ளிகளைக் கருவியிலுள்ள அமைப்பின்மூலம் மீண்டும் சரிபார்க்க வேண்டும்.

இரண்டு வழுவழுப்பான தாள்கள் நெருங்கித் தொடும் இடத்தில் வானவில் நிற வளையங்கள் தோன்றுவதும் உண்டு. அவற்றுக்கு நியூட்டன் வளையங்கள் என்று பெயர். அறிஞர் நியூட்டன் 300 ஆண்டுகளுக்கு முன் ஆராய்ந்த அந்த வளையங்கள், அவர் பெயர் தாங்கிய கருவியைத் தோற்கடித்த பைலட்டின் திரையில் வந்து தோன்றியதை விதியின் குறும்பு என்றுதான் சொல்ல வேண்டும்.

இரண்டாவது விடை இன்னும் எளிது. மேசையிலிருந்த ஒட்டுநாடாவில் ஒரு துண்டைக் கிழித்துக் கிரஃபிட்டிக் கட்டத்தின்மீது மட்டும் ஒட்டுவது. 3எம் நிறுவனம் 1961 இல் அறிமுகப்படுத்திய மங்கலான மேற்பரப்புக் கொண்ட ஸ்கொட்ச் மஜிக் நாடா இதற்கு மிகவும் உகந்ததாயிருந்தது. பேனையாலும் எழுதத்தக்க அந்த மேற்பரப்பு, கண்ணாடிபோல் வழுக்கிய திரைக்குக் காகிதத்தின் இதத்தைக் கொடுத்தது. கட்டத்தில் படம் எதுவும் தோன்றாது என்பதால் மங்கல் ஒரு குறையாகவும் இல்லை. தேய்ந்ததும் உரித்துவிட்டுப் புதுத்துண்டு ஒட்டலாம். நாடாவை நெடுநாள் விட்டுவைத்தால் பசை படிந்துவிடும் என்பதே கவனிக்க வேண்டிய ஒன்று.

அதே நிறுவனத்தின் ரிச்சர்ட் ட்ரூ 1930 இல் கண்டுபிடித்த ஒளிபுகும் ஒட்டுநாடா, பொதிகளை மூடுவதற்காகவே சந்தைக்கு வந்தது. உலகப் பொருளாதார மந்தத்தின் வறுமை அதனைக் கிழிந்த புத்தகங்களையும் உடைந்த பொருட்களையும் ஒட்டும் மருந்தாக்கியது. கையில் இருப்பதைக் கொண்டு, கையில் இருப்பதைக் காத்துக்கொள்வது மனித இயல்பு. காலந்தோறும் அதற்குப் பொருள்தான் மாறுகிறது.

ஏட்டுக்குச் சட்டம்

எழுதுகோலும் கீறலும் தமிழருக்குப் புதியனவல்ல. பனையோலையில் எழுத்தாணியால் கீறுவதே நம் முன்னோரின் எழுத்து. கீறிய பின் கரி முதலியவற்றைத் தடவினால் எழுத்து துலங்கும். ஓலை கிழிந்துவிடும் என்ற அச்சத்தால் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடாமல் எழுதும் வழக்கமும் இருந்தது. எழுதப்படும் பொருளின் மென்மைக்கு எழுத்தே விட்டுக்கொடுத்தது. பாம் கருவியில் கிரஃபிட்டி எழுத்துகள் கணினிக்காக விட்டுக்கொடுத்ததை எண்ணும்போது இவ்வொற்றுமை வியப்பளிக்கிறது.

ஓலையில் கீறல் எழுத்தாக வாழ்ந்தது. திரையில் கீறல் எழுத்தையே மறைத்தது. பாதுகாக்கும் முறையோ ஒன்றுதான். சுவடியின் மேலும் கீழும் அதே அளவில் மரச்சட்டங்கள் வைத்துக் கயிற்றால் கட்டினர். அடிபட வேண்டியது சட்டம். பிழைக்க வேண்டியது ஏடு. பாடசாலைப் புத்தகத்துக்குப் பிரவுண் பேப்பர் உறை போட்ட தலைமுறைக்கு இதனை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. மலிவான ஒன்றைப் பலிகொடுத்து அரிதான ஒன்றைக் காப்பாற்றும் தத்துவமே ஒளிபுகும் தாளை வெட்டியவர் கையிலும் இருந்தது.

கீறலுக்கு யார் பொறுப்பு?

தொடக்கத்தில் எழுப்பிய கேள்வி 2005 இல் நீதிமன்றம் வரை சென்றது. அவ்வாண்டு செப்டெம்பரில் அப்பிள் வெளியிட்ட ஐபொட் நானோ என்ற சிறு இசைக்கருவியின் முகப்பு மிக எளிதாகக் கீறுபடுகிறது என்று முறைப்பாடுகள் எழுந்தன. சில வாரங்களிலேயே கலிபோர்னியாவில் வழக்குத் தொடரப்பட்டது. நிறுவனம் கருவியோடு ஓர் உறையையும் சேர்த்து வழங்கத் தொடங்கியது. வழக்கு 2009 இல் 22.5 மில்லியன் டொலர் சமரசத்தோடு முடிந்தது. பையில் வைப்பதற்கென விற்கப்பட்ட பொருள் பையில் வைத்ததால் கெடுமாயின் அது வாங்கியவரின் கவனக்குறைவு மட்டுமன்று என்ற வாதத்துக்கு அதுவரை கிடைத்திராத கவனம் கிடைத்தது.

2007 ஜனவரியில் ஐபோன் அறிவிக்கப்பட்டபோது அதன் முகப்பு பிளாஸ்டிக்காகவே இருந்தது. சட்டைப்பையில் சாவிகளோடு கிடந்த மாதிரிக் கருவி கீறுபட்டிருந்ததைக் கண்ட ஸ்டீவ் ஜொப்ஸ், கண்ணாடி வேண்டும் என்று வற்புறுத்தினார் எனப் பின்னர் வெளியான செய்திகள் கூறின. கோர்னிங் நிறுவனம் 1960களில் உருவாக்கிப் பெருஞ்சந்தை கிடைக்காமல் ஒதுக்கிவைத்திருந்த கண்ணாடி ஆராய்ச்சி அப்போது உயிர்பெற்றது. உருகிய உப்புக் குளியலில் கண்ணாடியிலுள்ள சோடியம் அயன்களின் இடத்தைப் பெரிய பொற்றாசியம் அயன்கள் பிடித்துக்கொள்ள, மேற்பரப்பு இறுகி உறுதி பெறும். அதனை உற்பத்தி செய்த தொழிற்சாலை கென்டக்கி மாநிலத்தின் ஹரொட்ஸ்பேர்க் நகரிலுள்ளது. வளையும் திரையின் நுட்பத்துக்கு வித்திட்ட அதே மாநிலத்திலிருந்தே அதனை விரட்டிய கண்ணாடியும் வந்தது. விரலின் மின்னியல்பை உணரும் புதிய திரைக்கு வளைய வேண்டிய தேவை இல்லை. எழுத்தாணி தேவையற்றதாயிற்று.

வன்மையான கண்ணாடி வந்தபின் கவசத்தின் தேவை ஒழிந்திருக்க வேண்டும். நடந்ததோ வேறு. உலங்கு வானூர்தியின் சுழல்தகடுகளை மணலிலிருந்து காக்கும் படலத்தைத் தொலைபேசிக்குப் பொருத்தும் வணிகம் 2005 இலேயே அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் தொடங்கியிருந்தது. 2010களில் ஏறத்தாழ 0.3 மில்லிமீற்றர் தடிப்புள்ள கண்ணாடிக் கவசங்கள் பெருகின. கீறலுக்கு அஞ்சியவர் இப்போது வெடிப்புக்கு அஞ்சுகிறார். ஒட்டப்பட்ட திரையைத் தாமே கழற்றி மாற்ற முடியாது. மாற்றுவிக்கும் செலவோ சில வேளைகளில் கருவியின் விலையில் பெரும்பங்கு. அந்த அச்சத்தின்மீதே இன்றைய கவச வணிகம் நிற்கிறது.

பாம் நிறுவனத்தை எச்.பி. நிறுவனம் 2010 இல் 1.2 பில்லியன் டொலருக்கு வாங்கியது. அடுத்த ஆண்டிலேயே அக்கருவிகளின் உற்பத்தியை நிறுத்தியது. ஆயினும் பழைய பாம் கருவிகளுள் சில இன்றும் இயங்குகின்றன. அவற்றின் பற்றரியை எந்தப் பெட்டிக்கடையிலும் வாங்கலாம் என்பதும், அவற்றின் முகத்தை ஒரு துண்டு நாடாவால் காக்க முடிந்தது என்பதும் அந்த நீண்ட ஆயுளுக்குக் காரணங்கள். பழுதுபார்க்கும் உரிமை பற்றி ஐரோப்பிய ஒன்றியம் 2024 இல் சட்டம் இயற்ற நேர்ந்ததை இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒரு காலத்தில் அடிமட்டமும் கத்தரிக்கோலும் வைத்திருந்தவர் எவரையும் கேளாமல் அனுபவித்த உரிமையின் ஒரு பகுதியை, இன்று சட்டப் புத்தகத்தில் எழுதி வாங்க வேண்டியிருக்கிறது.

அடுத்த முறை கடைக்காரர் உங்கள் தொலைபேசிக்குக் கண்ணாடி ஒட்டும்போது அவர் கையைச் சற்று உற்றுப் பாருங்கள். தூசியைத் துடைத்து, மூலையைப் பொருத்தி, காற்றுக்குமிழை விரலால் தள்ளி வெளியேற்றும் அந்தப் பக்குவம் ஒரு காலத்தில் நம் ஒவ்வொருவர் வீட்டு மேசையிலும் இருந்தது.