எட்டு மாசம் தங்கிட்டுப் போன விருந்தாளி

எங்க டீம்ல ஒரு பையன் இருக்கான். அமைதியான பையன், ஞாயிறு தவறாம சர்ச்சுக்குப் போறவன். போன வாரம் மதிய சாப்பாட்டு நேரத்துல மெதுவா ஒரு விஷயம் சொன்னான். அவங்க சர்ச் இளைஞர் குழு பத்து நாள் கம்போடியா போகுதாம். ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்துக்கு பெயிண்ட் அடிக்கிறது, பசங்களுக்குப் பாட்டு சொல்லிக் கொடுக்கிறது, ஊழியம், ஜெபம், அப்புறம் திரும்பி வர்றது. இவனும் பேர் கொடுத்திருக்கான்.

உடனே எதிர்ல உட்கார்ந்திருந்தவர் ஆரம்பிச்சுட்டார். "பத்து நாள்ல அந்த ஊரைப் பத்தி உனக்கு என்னப்பா தெரியும்? கெமர்ல 'சாப்பிட்டீங்களா'ன்னு கேக்கத் தெரியுமா?" பையன் முகம் சுருங்கிப் போச்சு. நான் வழக்கம்போல தயிர் சாதத்துல மும்முரமா இருந்தேன் (பிரச்சினைன்னு வந்தா நம்ம கொள்கை அதுதான்).

ஆனா மனசுக்குள்ள வேற ஒண்ணு ஓடிச்சு. நம்ம பாண்டிச்சேரிக்கே ஒருத்தர் இப்படி மிஷன் பயணமா வந்து, கொஞ்ச நாள் தங்கி, ஒரு ஆணை போட்டுட்டுக் கப்பல் ஏறிப் போயிட்டார். அவர் போட்ட முடிச்சை அவிழ்க்க இருநூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. அந்தக் கதையைத்தான் இன்னிக்குச் சொல்லப் போறேன்.

அவர் பேர் ஷார்ல் தோமா மய்யார் தெ தூர்னோன். 1668-ல் இத்தாலியின் தூரின் நகரத்தில் பிறந்தவர். போப் 11-ம் கிளமென்ட் அவரைத் தன் தூதராக நியமித்து ஆசியாவுக்கு அனுப்பினார். முக்கியமான வேலை சீனாவில். அங்கே கிறிஸ்தவர்களா மாறின சீனர்கள் முன்னோர்களுக்கும் கன்ஃபூசியஸுக்கும் மரியாதை செய்யலாமா கூடாதான்னு பாதிரியார்களுக்குள்ளேயே பெரிய சண்டை. அதைத் தீர்க்கப் போற வழியில் பாண்டிச்சேரி ஒரு நிறுத்தம். அவ்வளவுதான்.

பிரெஞ்சுக் கப்பல் அவரை 1703 நவம்பர் 6-ம் தேதி இங்கே இறக்கி விட்டது. அப்போ பாண்டிச்சேரி இப்போ நாம பாக்கிற ஊர் இல்லை. 1693-ல் டச்சுக்காரங்க பிடிச்சு, 1699-ல்தான் திருப்பிக் கொடுத்தாங்க. பிரான்சுவா மர்த்தேன் அப்போதான் ஊரை மறுபடி எழுப்பிக்கிட்டிருந்தார்.

இங்கேயும் ஒரு சண்டை நடந்துக்கிட்டிருந்தது. கப்பூச்சியன் சபைப் பாதிரியார்கள் முதல்லயே வந்தவங்க. சேசு சபைக்காரங்க பின்னாடி வந்தவங்க. தமிழ்க் கிறிஸ்தவர்களைக் கவனிக்கிற பொறுப்பை மயிலாப்பூர் பிஷப் 1699-ல் சேசு சபைக்குக் கொடுத்துட்டார். கப்பூச்சியன்களுக்கு அது பொறுக்கலை. சேசு சபைக்காரங்க மேல அவங்க சொன்ன குற்றச்சாட்டு என்னன்னா, "இவங்க கிறிஸ்தவர்களை இந்துக்கள் மாதிரியே இருக்க விடறாங்க!"

அதுல உண்மை இல்லாமலும் இல்லை. இதுக்கு நூறு வருஷம் முன்னாடி, 1606-ல் மதுரைக்கு வந்தவர் ராபர்ட்டோ தெ நோபிலி. காவி கட்டி, சைவம் சாப்பிட்டு, தமிழும் சமஸ்கிருதமும் படிச்சு, சந்நியாசி மாதிரி வாழ்ந்தார். குடுமி, பூணூல், சந்தனம் எல்லாம் சமூக வழக்கம்தான், மதம் இல்லைன்னு வாதாடி, 1623-ல் போப் 15-ம் கிரகோரியிடம் அனுமதியும் வாங்கினார். அந்த வழியிலதான் மதுரை மிஷனும், அப்புறம் பாண்டிச்சேரியிலிருந்து கிளம்பின கர்நாடக மிஷனும் நடந்துச்சு.

இப்போ நம்ம தூதர் கதைக்கு வருவோம். வந்தவர் உடம்பு சரியில்லாம படுத்துட்டார். எட்டு மாசம் பாண்டிச்சேரியில் இருந்தார். உள்நாட்டுக்குள்ள எந்த மிஷன் ஊருக்கும் போகலை. மதுரையைப் பாக்கலை, தமிழும் தெரியாது. ரெண்டு பாதிரியார்களைக் கூப்பிட்டு விசாரிச்சார். ஒருத்தர் கர்நாடக மிஷனின் பூஷே, இன்னொருத்தர் மதுரை மிஷனின் பெர்தோல்டி. அவங்க பல வருஷம் இங்கேயே கிடந்தவங்க. கேட்டதுக்கு உள்ளபடி பதில் சொன்னாங்க. அந்தப் பதில்களே பின்னாடி அவங்களுக்கு எதிரா ஆணையா வரும்னு நினைச்சிருக்க மாட்டாங்க.

1704 ஜூன் 23 தேதியிட்டு ஆணை தயாராச்சு. சேசு சபைத் தலைவர் தஷார் கைக்கு அது வந்தது ஜூலை 8-ல். தூதர் கப்பல் ஏறினது ஜூலை 11-ல். நடுவுல மூணே நாள்! ஆன்சைட் வந்த கன்சல்டன்ட் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரிப்போர்ட்டை மெயில்ல தட்டிட்டு ஏர்போர்ட்டுக்கு டாக்சி பிடிப்பாரே, அதேதான்.

ஆணையில் 16 பிரிவுகள். படிச்சா நம்ம வீட்டுக் கல்யாணச் சாமான் லிஸ்ட் மாதிரி இருக்கும். பிள்ளையார் உருவம் போட்ட தாலி கூடாது. தாலிக் கயிறு 108 இழையில் மஞ்சள் தடவினதா இருக்கக் கூடாது. கல்யாணத்தில் அரசமரக் கிளை கூடாது, தேங்காய் உடைச்சு சகுனம் பார்க்கக் கூடாது. பொண்ணு பெரியவளானா கொண்டாடக் கூடாது. மாதவிலக்கு நாளில் பெண்களைக் கோயிலிலிருந்து தள்ளி வைக்கக் கூடாது. ஆறேழு வயசுப் பிள்ளைகளுக்குத் தாலி கட்டி, அதைப் பிரிக்க முடியாத கல்யாணம்னு சொல்லக் கூடாது. சாணத்தைச் சுட்ட சாம்பலை நெத்தியில் பூசக் கூடாது. கிறிஸ்தவ மேளக்காரர்கள் இந்துக் கோயில் விழாக்களில் வாசிக்கக் கூடாது.

இன்னொண்ணு இருக்கு, எச்சில். லத்தீன் முறை ஞானஸ்நானத்தில் பாதிரியார் தன் எச்சிலைத் தொட்டுக் குழந்தையின் காதிலும் மூக்கிலும் வைப்பார். நம்ம ஊர்ல எச்சில்னா என்ன அர்த்தம்னு உங்களுக்கு நான் சொல்லணுமா? எச்சில் இலை, எச்சில் கை, எச்சில் பாத்திரம்... ஒரு சின்ன வார்த்தைக்குள்ள எவ்வளவு பெரிய வேலி! அதனாலதான் மிஷன்காரர்கள் அந்தச் சடங்கை விட்டுட்டாங்க. இனி விடக் கூடாதுன்னு தூதர் சொல்லிட்டார். ஊரோட உறைப்பு நாக்கில் படாத ஒருத்தர் ஐரோப்பாவில் எழுதின சமையல் குறிப்பை வச்சு உப்பு சரிபார்த்த மாதிரி.

இது வரைக்கும் கேட்டா, "பாத்தியா, குறுகிய காலத்துல வந்து போறவன் இப்படித்தான்"னு எங்க ஆபீஸ் அண்ணன் குதிப்பார். நானும் முதல் தடவை படிச்சப்போ அப்படித்தான் நினைச்சேன். ஆனா அந்த 16-ல் ஒரு பிரிவு என்னை நிறுத்திடுச்சு.

உயர்சாதியினர் விலகிப் போயிடுவாங்கன்னு பயந்து, மிஷன்காரர்கள் பறையர் வீடுகளுக்குள்ள காலெடுத்து வைக்க மாட்டாங்க. கிறிஸ்தவரான ஒரு பறையர் சாகக் கிடந்தா, கடைசிப் பூசுதலுக்கு அவரைத் தூக்கிக்கிட்டுக் கோயிலுக்கோ வேறொரு இடத்துக்கோ வரணும். சாகக் கிடக்கிற மனுஷனை! தூர்னோன் இதைக் கேட்டுட்டு, இனிமே அப்படி நடக்கக் கூடாது, பாதிரியார் அவங்க வீட்டுக்கே போகணும்னு எழுதினார். அவர் வச்ச நியாயம் எளிமையானது. உடம்புக்கு வைத்தியம் பார்க்கிற வைத்தியரே அந்த வீட்டுக்குப் போறார், ஆத்மாவுக்கு வைத்தியம் பார்க்கிற நீங்க போகக் கூடாதா?

தமிழ் தெரியாதவர், ஊரைச் சுத்திப் பாக்காதவர், படுக்கையில் கிடந்தவர். அவருக்கு இது கண்ணில் பட்டுச்சு. காவி கட்டி, காய்கறி தின்னு, தமிழ்லயே கனவு கண்டிருக்கக்கூடிய பெரியவர்களுக்கு இது பழகிப் போச்சு. 'இந்த ஊர்ல இப்படித்தான்' என்கிற வாக்கியம் அவங்க வாயில் அவ்வளவு இயல்பா உட்கார்ந்துடுச்சு. அவங்க கெட்டவங்க இல்லை. அவங்கள்ல ஒருத்தரான ஜான் தெ பிரிட்டோ 1693-ல் ஓரியூரில் தலையே கொடுத்தார். பறையர்களுக்காகவே தனியா 'பண்டாரசுவாமி' என்கிற பாதிரியார் வகையையும் அவங்க உருவாக்கினாங்க. ஆனா ஊரை முழுசாப் புரிஞ்சுக்கிட்டவன் சில சமயம் ஊரோட அநியாயத்தையும் சேர்த்துப் புரிஞ்சுக்கிட்டுடறான்.

எனக்கு இதுல ஒரு சொந்த அனுபவம் உண்டு. ஒரு தடவை மூணு வாரம் ஆன்சைட் போய், ஒரு கிடங்குக்கு சாஃப்ட்வேர் ரெக்வயர்மெண்ட் எழுதினேன். அங்கே ஒரு அம்மா ஒவ்வொரு பெட்டிக்கும் மஞ்சள் சீட்டு எழுதி ஒட்டுவாங்க. 'தேவையில்லாத வேலை, நீக்கவும்'னு பெருமையா எழுதினேன். நான் ஊர் திரும்பின பிறகு தெரிஞ்சுது, அந்தச் சீட்டுதான் முழுக் கிடங்கையும் காப்பாத்திக்கிட்டிருந்ததுன்னு. அசடு வழிஞ்சேன். ஆனா அதே மூணு வாரத்தில் இன்னொண்ணும் கவனிச்சேன். ராத்திரி ஷிஃப்ட்காரங்களுக்கு உட்கார ஒரு நாற்காலி கூட இல்லை. பத்து வருஷமா அங்கே வேலை பாக்கிறவங்களுக்கு அது தெரியவே இல்லை. கேட்டதும் "அட, ஆமால்ல" அப்படின்னாங்க. ஒரே பயணத்துல தப்பாப் பார்த்ததும் நான்தான், சரியாப் பார்த்ததும் நான்தான். எது எதுன்னு அப்போ எனக்கே தெரியாது.

சரி, தூர்னோன் கதி என்னாச்சு? 1705 ஏப்ரலில் மக்காவ், டிசம்பரில் பீக்கிங். காங்சி பேரரசர் முதல்ல அன்பாத்தான் வரவேற்றார். ஆனா இவர் வந்த நோக்கம் தெரிஞ்சதும் நிலைமை மாறிடுச்சு. 1707 ஜனவரியில் நான்கிங்கில் இவர் இன்னொரு ஆணை போட்டார், சீனச் சடங்குகளுக்குத் தடை. பேரரசர் இவரை மக்காவில் காவலில் வைக்கச் சொல்லிட்டார். ரோமில் இவரை அதே வருஷம் கர்தினால் ஆக்கினாங்க. 1710 ஜூன் 8-ல் மக்காவிலேயே காவலில் செத்துப் போனார். வயசு 41. பாண்டிச்சேரிக்குத் திரும்பி வந்து, தான் எழுதினது என்னாச்சுன்னு பாக்க அவருக்குக் கொடுத்து வைக்கலை.

இங்கே என்னாச்சு? முறையீடு மேல முறையீடு. பூஷே ரோமுக்கே கிளம்பிப் போனார். பாண்டிச்சேரியின் மேல்சபையும் கோவா பேராயரும் ஆணையை எதிர்த்தாங்க. 1734-ல் போப் 12-ம் கிளமென்ட் சில பிரிவுகளைத் தளர்த்தினார். 1744 செப்டம்பர் 12-ல் போப் 14-ம் பெனடிக்ட் முடிவா ஒரு ஆணை போட்டார். பறையர் வீடுகளுக்குப் போறதுக்கென்றே தனியா பாதிரியார்களை வைக்கிறோம்னு சேசு சபை சொல்ல, அதை அவர் ஏத்துக்கிட்டார். கவனிச்சீங்களா? கேட்டது 'நீங்க போங்க'. கிடைச்சது 'போறதுக்கு வேற ஆளு வைக்கிறோம்'. வேலியைத் தாண்டச் சொன்னா, வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு கிளை ஆபீஸ் திறந்த கதை.

அதுக்கு அடுத்த வருஷம், 1745 அக்டோபரில், ஆனந்தரங்கப் பிள்ளை தன் நாட்குறிப்பில் ஒரு சம்பவத்தை எழுதி வச்சிருக்கார். சேசு சபையின் சென் போல் கோயில், அதாவது நம்ம வாயில் 'சம்பா கோவில்', அதுக்குள்ள வடக்குப் பக்கம் ஒரு சுவர் இருந்தது. ஒரு பக்கம் பறையர்கள். மறுபக்கம் சாதிக் கிறிஸ்தவர்கள், சட்டைக்காரர்கள், வெள்ளைக்காரர்கள். ஆரம்பத்திலிருந்தே அப்படி. அந்த வருஷம்தான் பறையர் கிறிஸ்தவர்கள் நேரா பாதிரியாரிடம் போய், நாங்களும் உங்க சிஷ்யர்கள்னா இந்தச் சுவர் எதுக்குன்னு கேட்டாங்க. பாதிரியாரால் பதில் சொல்ல முடியலை. சுவரை இடிக்கச் சொன்னார்.

போப்பின் தூதர் வந்துட்டுப் போய் 41 வருஷம் கழிச்சு, சுவருக்கு அந்தப் பக்கம் நின்னவங்களே கேட்டதாலதான் அது இடிஞ்சுது. அந்தக் கோயில் கட்டடம் இப்போ இல்லை. 1761-ல் ஆங்கிலேயர் ஊரை இடிச்சப்போ அதுவும் போச்சு. மிஷன் வீதியில் நாம பாக்கிற சம்பா கோவில் 1791-ல் முடிஞ்சது. கல் சுவர் போனாலும் மனசுச் சுவர் போகலை. இதே பாண்டிச்சேரி–கடலூர் மறைமாவட்டத்து எறையூரில், தலித் கிறிஸ்தவர்கள் தனிப்பங்கு கேட்ட தகராறு 2008 மார்ச்சில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ரெண்டு உயிர் போற அளவுக்கு வந்துச்சு. சடங்குகள் விஷயத்தில் மிஷன்காரர்கள் எடுத்துக்க வேண்டியிருந்த சத்தியப் பிரமாணத்தை ரோம் 1940-ல் நீக்கிடுச்சு. தாலிச் சண்டை முடிஞ்சு போச்சு, வாசப்படிச் சண்டை முடியலை.

நேத்து அந்தப் பையன் என் சீட்டுக்கு வந்தான். "அண்ணா, போகலாமா வேணாமா? நீங்க ஒண்ணுமே சொல்லலையே."

இவ்வளவு கதையையும் சொன்னேன். பாவம், காபி ஆறிப் போச்சு அவனுக்கு. கடைசில இவ்வளவுதான் சொன்னேன். "போயிட்டு வா. அவங்க என்ன சாப்பிடறாங்க, எப்படிக் கும்பிடறாங்கன்னு எல்லாம் தீர்ப்பு எழுதாதே, பத்து நாள்ல அது உனக்குப் புரியாது. ஆனா கூட்டத்துல யாரு உள்ள வராம வாசல்லயே நிக்கிறாங்கன்னு மட்டும் பாரு. அது முதல் நாளே தெரியும். தெரிஞ்சா ஆணை போடாதே, அவங்ககிட்டயே போய்ப் பேசு."

"கெமர் தெரியாதேண்ணா?"

"சாப்பிட்டீங்களான்னு கேக்க மட்டும் கத்துக்கிட்டுப் போடா. மிச்சத்தை அவங்க சொல்லுவாங்க."